செயலாளர் ஆண்டறிக்கை (2021 ஜூலை – 2022 ஜூன்)

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், இன்று நேரில் வந்திருக்கும் உறுப்பினர்கள், வராமல் வீட்டில் இருந்தபடி வாட்ஸப்பில் இதைப் படிக்கப்போகும் மற்ற எல்லாருக்கும் வணக்கம். வளைகுடா போய்த் திரும்பியவர்கள், இன்னும் அங்கே இருப்பவர்களின் குடும்பங்கள் என்று எல்லாருக்கும் சேர்த்து நாம் நடத்தும் இந்தச் சங்கத்தின் ஆண்டறிக்கையை வைக்கிறேன். கொரோனாவால் போன வருடம் பொதுக்குழு கூடவில்லை, அதனால் அறிக்கை கொஞ்சம் நீளம்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 இரண்டு நாளும் கொடியேற்றினோம். டிசம்பர் 18 சர்வதேச புலம்பெயர்ந்தோர் தினத்துக்குச் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டோம். ஜனவரியில் ஞாயிறு முழு ஊரடங்கு வந்ததால் பொங்கல் ஒன்றுகூடல் ரத்து. ஜூனில் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். தம்மாமில் இறந்துபோன நம் உறுப்பினரின் உடலைக் கொண்டுவருவதற்கான காகித வேலைகளைச் செய்தோம். செய்ய வேண்டியது, செய்தோம், அதற்கு மேல் இங்கே சொல்ல ஒன்றுமில்லை.

2021 அக்டோபரில் தமிழக முதலமைச்சர் அயலகத் தமிழர்களுக்கு நல வாரியம், தரவுத்தளம், ஜனவரி 12 அயலகத் தமிழர் நாள் என்று அறிவித்தது எல்லாருக்கும் தெரியும். வரவேற்றுக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். வாரியம் நடைமுறைக்கு வரும்போது உறுப்பினர் பதிவுக்கு நம்மிடம் சரியான பட்டியல் இருக்க வேண்டும், அது இருக்கிறதா என்பதைக் கீழே சொல்கிறேன்.

இனி எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கும் நியூயார்க் விவகாரம், அதாவது இந்த மே மாதம் ஐநா அங்கே நடத்திய புலம்பெயர்வு ஆய்வுக் கூட்டம், அதற்காக நாம் வாங்கிய சம்பளப் பாக்கிப் படிவங்கள். செயலாளர் அமெரிக்கா போகத்தான் இத்தனை படிவம் வாங்குகிறார் என்று பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் பேச்சு ஓடியதாக என் காதுக்கு வந்தது. நான் போகவில்லை. விசாவுக்கு விண்ணப்பிக்கக்கூட இல்லை. போகவேண்டும் என்று நினைத்திருந்தாலும் உள்ளே விட்டிருக்க மாட்டார்கள், ஏன் என்றும் சொல்கிறேன், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது.

2018 டிசம்பர் 10ஆம் தேதி மொராக்கோவில் மராகேஷ் நகரத்தில் உலக நாடுகள் கூடி, புலம்பெயர்வு பற்றி ஓர் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டன. அடுத்த வாரமே ஐநா பொதுச் சபையில் வாக்கெடுப்பு: ஆதரவு 152, எதிர்ப்பு 5, நடுநிலை 12. எதிர்த்தவை அமெரிக்கா, இஸ்ரேல், ஹங்கேரி, போலந்து, செக் குடியரசு. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. அதில் மொத்தம் 23 குறிக்கோள்கள். நம் ஆட்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது ஆறாவது: வேலைக்கு ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது. இன்னொன்று இருபதாவது: ஊருக்குப் பணம் அனுப்பும் செலவை 2030க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது, கோர்ட்டில் காட்ட முடியாது. ஆனால் நான்கு வருடத்துக்கு ஒருமுறை நாடுகள் நியூயார்க்கில் உட்கார்ந்து என்ன செய்தோம் என்று சொல்வது ஏற்பாடு. அந்த முதல் கூட்டம்தான் இந்த மே 17 முதல் 20 வரை நடந்தது.

அதில் நம்மைப் போன்றவர்களுக்கு எங்கே இடம்? காகிதத்தில் தாராளமாக இருக்கிறது. அரசு மட்டும் பேசினால் போதாது, தொழிற்சங்கம், புலம்பெயர்ந்தோர் அமைப்பு, ஊர்மக்கள், பத்திரிகை எல்லாரும் சேர்ந்துதான் என்று உடன்படிக்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். நடைமுறை வேறு. 2007இல் பிரஸ்ஸல்ஸில் புலம்பெயர்வு பற்றிப் பேச அரசுகளின் உலக மன்றம் முதலில் கூடியபோதே சங்கங்களுக்குத் தனி நாள் என்று ஒதுக்கிவிட்டார்கள், கல்யாண வீட்டில் முதல் பந்திக்குக் கூப்பிடாமல் திண்ணையில் உட்கார வைப்பதுபோல. இரண்டு தரப்பும் ஒரே அறையில் கொஞ்ச நேரமாவது உட்காரும் பழக்கம் 2010இல் மெக்சிகோ கூட்டத்தில்தான் வந்தது. இப்போது நியூயார்க்கிலும் அதேதான், சங்கங்களின் குரலைக் கேட்கும் அமர்வு மே 16, அரசுகளின் கூட்டம் மறுநாள். உள்ளே போக, அரசு சாராத அமைப்புகளுக்கு ஐநா தரும் ஆலோசனைத் தகுதி வேண்டும். அது இல்லாத அமைப்புகள் தனியாக விண்ணப்பிக்கலாம், பட்டியலை எல்லா நாடுகளுக்கும் சுற்றுக்கு விடுவார்கள், யாரும் ஆட்சேபிக்கவில்லை என்றால்தான் அனுமதி. எந்த அரசின் மேல் புகார் சொல்லப் போகிறோமோ அந்த அரசும் அந்தப் பட்டியலைப் பார்க்கும்! சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்துவிட்டு, புதுப்பிக்கும் கட்டணத்துக்கே உண்டியல் குலுக்கும் நாம் அந்த வரிசையில் நிற்க முடியாது. ஆகவே சென்னை, டெல்லி வழியாக ஆசிய அளவில் இயங்கும் கூட்டமைப்பு ஒன்றிடம் நம் விவரங்களைக் கொடுத்தோம். அவர்களுக்குப் பேச நேரம் இருக்கிறது, ஆனால் பேசுவதற்குச் சரக்கு வேண்டும், அது நம் ஊரில்தான் இருக்கிறது.

சரக்கு என்றால் என்ன? ஒரு கணக்குச் சொல்கிறேன், நம் உறுப்பினர் ஒருவருடையது, பெயர் வேண்டாம். சவூதியில் 11 வருடம், மாதம் 1,500 ரியால். அந்த நாட்டுத் தொழிலாளர் சட்டப்படி வேலை முடிந்து போகும்போது முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் அரை மாதச் சம்பளம், அதற்குப் பிந்தைய ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். 3,750, அப்புறம் 9,000, ஆக 12,750 ரியால். நம் பணத்தில் இரண்டரை லட்சம். 2020இல் கேம்ப்பைக் காலி செய்யச் சொன்னபோது, அரபியில் இருந்த ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கொரோனா நேரத்தில் ஆட்களைத் திருப்பிக் கொண்டுவர நம் அரசு விட்ட வந்தே பாரத் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். செட்டில்மென்ட் முழுவதும் கிடைத்துவிட்டது என்று அந்தத் தாளில் இருந்திருக்கிறது. இவருக்குப் படிக்கத் தெரியாது, தெரிந்திருந்தாலும் கையெழுத்துப் போடாமல் எப்படி விமானம் ஏறுவது? இப்படி ஏமாந்து வந்தவர்கள் ஆசியா முழுக்க இருக்கிறார்கள். மைக்ரன்ட் ஃபோரம் இன் ஏசியா உள்ளிட்ட அமைப்புகள் சம்பளத் திருட்டுக்கு நியாயம் கேட்டு 2020 ஜூனில் இயக்கமே ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்துத்தான் நாமும் படிவம் தயாரித்தோம்: கம்பெனி பெயர், சம்பளம், எத்தனை மாதப் பாக்கி, ஏஜென்டுக்குக் கட்டிய தொகை, கையில் இருக்கும் தாள்கள், இவ்வளவுதான், இரண்டு பக்கம்.

ஏஜென்ட் தொகையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இந்திய விதிப்படி பதிவுபெற்ற ஏஜென்ட் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதன் மேல் ஜிஎஸ்டியும் வாங்கலாம். நம் படிவங்களில் லட்சத்துக்குக் கீழே எழுதியவர் அபூர்வம். ரசீது வைத்திருப்பவர் அதைவிட அபூர்வம். ரசீது இல்லாத பணத்தை நியூயார்க்கில் அல்ல, நம் போலீஸ் ஸ்டேஷனில்கூட நிரூபிக்க முடியாது.

இந்த இரண்டு பக்கத்தை நிரப்ப வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். டீக்கடையில் உட்கார்ந்தால் ஒவ்வொருவரும் ஒரு மணி நேரம் கதை சொல்வார்கள், இக்காமா (அங்கே தங்கும் அனுமதி அட்டை) புதுப்பிக்காத கதை, கபீல் (விசா கொடுத்த முதலாளி) பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்த கதை, பாஸ்போர்ட் இல்லாமல் தூதரகம் கொடுத்த அவுட்பாஸில் வந்த கதை. எழுதித் தாருங்கள் என்றால் நாளைக்கு. ஏஜென்ட் பெயர் எழுத மாட்டார்கள், ஏனென்றால் ஏஜென்ட் நம்ம மச்சான், நம்ம தெரு, நாளைக்கு மகனுக்கும் அவர்தானே விசா எடுக்க வேண்டும். இன்னும் சிலர் நேராகவே கேட்டார்கள்: "இதை நிரப்பினால் பணம் எப்போ வரும் அண்ணே?" வராது என்றுதான் சொன்னேன். பணம் வேண்டுமானால் தூதரகம், அங்குள்ள தொழிலாளர் நீதிமன்றம், அதற்கு அதிகாரப் பத்திரம் என்று வழி வேறு. அதற்கும் இதே விவரங்கள்தான் முதலில் வேண்டும் என்பதைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.

உருப்படியாகப் படிவம் கொடுத்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். கணவர் அனுப்பிய ஒப்பந்தம், பணம் அனுப்பிய சீட்டு, பழைய பாஸ்போர்ட் எல்லாம் பீரோவில் பிளாஸ்டிக் கவரில் இருக்கிறது, தேதி கேட்டால் சொல்கிறார்கள். ஆண்களிடம் கேட்டால், "எல்லாம் கேம்ப்லயே போச்சு." இந்தச் சங்கத்தின் செயற்குழுவில் ஒரு பெண்கூட இல்லை என்பதையும் இந்த இடத்திலேயே பதிவு செய்கிறேன்.

படிவங்களைக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் கைம்மாறு இல்லாமல் ஆங்கிலத்தில் தொகுத்துக் கொடுத்தார். மே 16 அமர்வு ஐநா இணையதளத்தில் நேரலையாக வந்தது, நமக்கு இரவு நேரம், சமுதாயக் கூடத்தில் புரொஜெக்டர் வைத்து எல்லாரையும் அழைத்தேன். ஐபிஎல் நேரம், வந்தவர்களை உட்காரவைக்க ஒரு பெஞ்ச் போதுமாக இருந்தது. நம் ஊர்ப் பெயர் வந்ததா என்று கேட்டவர்களுக்கு: வரவில்லை. ஒவ்வொருவருக்கும் சில நிமிடம், உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள், நம் ஊர் எங்கே வரும்?

அதைவிட முக்கியமான ஒன்றை அன்று கவனித்தேன். கூட்டத்தின் முடிவில் நாடுகள் வெளியிடும் பிரகடனத்தை வங்கதேசமும் லக்சம்பர்க்கும் முன்னின்று பல வாரங்களாகப் பேசித் தயாரித்து வந்திருக்கின்றன. சங்கங்கள் மைக் முன்னால் வந்து நிற்கும்போது உரை ஏறக்குறைய முடிந்துவிட்டது. 20ஆம் தேதி வாக்கெடுப்பு இல்லாமலே ஏற்றுக்கொண்டார்கள். ஆக, மே மாதம் நியூயார்க்கில் பேசுவது போட்டோவுக்கு நல்லது. பலன் வேண்டுமென்றால் அதற்கு முன்பே, நம் அரசின் பிரதிநிதி விமானம் ஏறுவதற்கு முன், டெல்லியில் நம் தாள்கள் மேசையில் இருக்க வேண்டும். பெரிய அமைப்புகள் இதைச் சொல்வதில்லை, அவர்களுக்கு நியூயார்க் தேவைப்படுகிறது. எனக்கு இல்லை, அதனால் சொல்கிறேன்.

டெல்லிக்கு நாம் எழுதாமல் இல்லை. 1983ஆம் வருடக் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய மசோதாவின் வரைவை 2021 ஜூனில் வெளியுறவு அமைச்சகம் வெளியிட்டுக் கருத்துக் கேட்டபோது, தொழிலாளிக்கே அபராதம் போடும் பிரிவை எதிர்த்துக் கடிதம் அனுப்பினோம். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட ஐந்து பேர் கிடைக்கவில்லை என்று நான் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். பிடித்து வைத்துக் கையெழுத்து வாங்கித்தான் அனுப்பினேன்.

வருகை பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. குறைந்தபட்ச வருகை (கோரம்) இல்லாமல் ஒத்திவைத்த செயற்குழுக் கூட்டங்களே அதிகம். ஆனால் யாருடைய தம்பியோ ஷார்ஜாவில் மாட்டிக்கொண்டால் இரவு பன்னிரண்டு மணிக்கு எனக்குப் போன் வருகிறது. எடுக்கிறேன், எடுக்காமல் இருந்ததில்லை. மறுவாரம் கூட்டத்துக்கு வாருங்கள் என்று நான் போன் செய்தால் மணி அடித்து ஓய்கிறது. தோஹாவில் ஏசி மெக்கானிக்காக நன்றாகச் சம்பாதிக்கும் ஒரு உறுப்பினர் மூன்று வருடமாகச் சந்தா கட்டவில்லை, ஆனால் சங்கம் என்ன செய்கிறது என்று குரூப்பில் மாதம் ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுகிறார். ஆண்டுச் சந்தா 200 ரூபாய். இதற்கு மேல் அதைப் பற்றி என்ன சொல்ல.

வரவு செலவை விவரமாகப் பொருளாளர் சொல்வார். பொதுவாகச் சொன்னால் வரவு குறைந்தது, செலவு குறையவில்லை, வங்கியில் இருப்பு இருக்கிறது, கவலைப்படும்படி இல்லை, பெருமைப்படும்படியும் இல்லை. படிவம் அச்சடித்தது, ஜெராக்ஸ், புரொஜெக்டர் வாடகை சங்கக் கணக்கில். போன் ரீசார்ஜும் சென்னை பஸ் டிக்கெட்டும் என் சொந்தக் காசு. இரண்டு மூன்று ரசீதுகள் இன்னும் வரவேண்டியிருப்பதால் தணிக்கை அடுத்த மாதம் முடியும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், கூடத்தை வாடகை குறைத்துத் தந்த ஊர்ப் பெரியவர்கள், அந்தக் கல்லூரி ஆசிரியர், டீ கொடுத்த கடைக்காரர், படிவம் நிரப்பிய தாய்மார்கள், ஒலிபெருக்கி அமைத்த தம்பி. யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் மன்னிக்கவும்.

அடுத்த வருடம் பற்றி. அடுத்த உலக ஆய்வு 2026இல், அதற்கு முன் ஆசிய பசிபிக் வட்டார ஆய்வு இருக்கிறது. நேரம் இருப்பதுபோல் தெரியும், இல்லை. திரும்பி வந்த ஒவ்வொரு வீட்டிலும் படிவம் வாங்கி, அதே விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தால், மாநில நல வாரியத்துக்கும் அதுவே, டெல்லிக்கும் அதுவே, தூதரகப் புகாருக்கும் அதுவே. இப்போது நம்மிடம் இருப்பது பாதிப் பட்டியல்கூட இல்லை. கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர்கள் இரண்டு பேர் வாரத்தில் ஒரு மாலை கொடுத்தால் போதும். ஒரு பழைய லேப்டாப் வேண்டும், யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கும் உறுப்பினர்கள் ஊருக்கு வரும்போது அத்தர், சாக்லேட்டோடு சங்கத்துக்கும் ஏதாவது யோசிக்கலாம்.

செயலாளர் பொறுப்பில் தொடர எனக்குத் தனிப்பட்ட விருப்பம் எதுவும் இல்லை, உடம்பும் முன்போல இல்லை, வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். யார் வந்தாலும் படிவக் கட்டு, கடித நகல்கள், சென்னை டெல்லி தொடர்பு எண்கள் எல்லாவற்றையும் ஒப்படைத்து ஒரு வருடம் கூடவே இருந்து சொல்லிக்கொடுக்கத் தயார். போட்டியிட விரும்புகிறவர்கள் இன்றைய கூட்டம் முடிவதற்குள் தலைவரிடம் பெயர் கொடுக்கலாம். சந்தா பாக்கி இல்லாதவர்கள் மட்டுமே போட்டியிட முடியும் என்பது சங்க விதி. விதிப்படி இன்று தகுதியுள்ளவர்களின் பட்டியலைப் பொருளாளர் வாசல் பக்கம் ஒட்டியிருக்கிறார், சின்னப் பட்டியல்தான், போகும்போது பார்த்துவிட்டுப் போங்கள், பாக்கியைக் கட்ட விரும்புகிறவர்களுக்கு ரசீதுப் புத்தகமும் அவரிடமே இருக்கிறது.

செயலாளர்