இடது கைக்கு வேலை கொடுத்தவருக்கு

அன்புள்ள எல்லாருக்கும்,

வியாழக்கிழமை கொழும்பில் ஒரு ரெக்கார்டிங் செஷன் முடித்துவிட்டு இரவு ரயிலில் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தேன். மூன்று பாட்டுக்குப் பேஸ் கிட்டார் வாசித்தேன். இரண்டு முதல் டேக்கிலேயே சரியாகிவிட்டன, மூன்றாவதில்தான் மோதிர விரல் கொஞ்சம் முரண்டு பிடித்தது. என் இடது கைக்கு நடந்தது என்னவென்று உங்களுக்குத் தெரியும், திரும்ப எழுத மனமில்லை. இந்தச் சூடு ஆறுமுன் நன்றியைச் சொல்லிவிட வேண்டும்.

சத்திரசிகிச்சை செய்த வைத்தியர், பிசியோதெரப்பிப் பிள்ளைகள், என் செஷன்களை வாசித்துக் கொடுத்துவிட்டு "இடம் உன்னுடையதுதான் மச்சான்" என்று சொன்ன பேஸ்காரர்கள், கண்டியிலிருந்து பஸ் ஏறி வந்து ஒரு நாள் முழுக்கச் சும்மா பக்கத்தில் இருந்த டிரம்ஸ் நண்பன், கிண்ணியாவிலிருந்து சாப்பாடு அனுப்பிய கீபோர்ட்காரரின் உம்மா, பத்திரகாளி அம்மனுக்கு நேர்ந்துகொண்ட என் அக்கா, எல்லாருக்கும் நன்றி.

அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஒரே விரலால் வாசித்தார் என்று எனக்கு அனுப்பாத ஆளே இல்லை. உண்மைதான், மோட்டவுன் பாட்டுகளின் அடித்தளமே அந்த ஒரு சுட்டுவிரல். ஆனால் அது வலது கை விரல். எனக்குப் போனது கம்பியை அழுத்துகிற இடது. உங்கள் அன்புக்கு நன்றி, ஆனாலும் அந்தக் கதையை இனி யாரும் அனுப்ப வேண்டாம்.

வலது கை மட்டும் இருந்தால் மிக்ஸ் பண்ணலாம். அந்த மாதங்களில் நான் தயாரித்த பாட்டுகளுக்குப் பேஸைக் கீபோர்டில் ஒரு கையால் அடித்துச் சமாளித்தேன். கேட்டவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்பது இன்னும் எரிச்சல்தான்.

இனி, இந்த மடல் யாருக்காகவோ அவரிடம் வருகிறேன்.

மார்கழி, கடல் குழம்பிக் கிடந்த காலம். திருக்கடலூர்க் கரையில் தோணிகளை இழுத்து ஏற்றியிருந்தார்கள். கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு ஐயா நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, சும்மாதானே நிக்கிறீர், இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் பிடியும்."

நாலு மாதமாக அந்தக் கையால் ஒரு வேலை செய்யச் சொன்ன முதல் மனிதர் அவர். மற்ற எல்லாரும் பையை வாங்கிக்கொண்டார்கள், கதவைத் திறந்துவிட்டார்கள். அவருக்கு என் விரலைப் பற்றி ஒன்றும் தெரியாது. வலைக்கு இன்னொரு கை தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

மறுநாளும் போனேன். ஊசியைத் தந்தார். வலது கையில் ஊசி, இடது பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் முடிச்சு, மற்ற மூன்று விரலும் வலைக்கண்ணை விரித்துப் பிடிக்க வேண்டும். பேஸின் கழுத்தில் உள்ள கட்டைகளில், முதலாம் ஃபிரெட்டிலிருந்து நாலாம் ஃபிரெட்டுக்கு நான் விரலை நீட்டுகிற அதே நீட்டல். முதல் கிழமை பத்துக் கண் முடிவதற்குள் கை நடுங்கிவிடும். நான் போட்ட முடிச்சுகளை நான் போன பிறகு அவர் அவிழ்த்துத் திரும்பப் போட்டிருக்கிறார். இதை அவருடைய பேரன்தான் பிறகு சொன்னான்.

என்ன தொழில் என்று ஒருநாள் கேட்டார். போனில் ஒரு பாட்டைப் போட்டு, "இதில் பேஸ் நான்" என்றேன். காதருகே வைத்துப் பார்த்தார். "ஒண்டும் கேக்கேல்லையே தம்பி." கேட்காதுதான். பேஸின் தடித்த கம்பி வினாடிக்கு ஏறக்குறைய 41 தரம் அதிர்கிறது, அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு அது எட்டாது. அடுத்த நாள் ஹெட்போன் கொண்டுபோனேன். கண்ணை மூடிக் கேட்டவர், வலையைக் கீழே பிடித்துவைக்கிற, ஈயம் கோத்த அடிக்கயிற்றைத் தூக்கிக் காட்டினார். "அப்ப நீர் ஈயம்."

எனக்கு எத்தனையோ பேர் எத்தனையோ பாராட்டுச் சொல்லியிருக்கிறார்கள். இது வேறு.

இனி நான் தயாரிக்கிற ஒவ்வொரு பாட்டிலும் வாசித்தவர்கள் அத்தனை பேரின் பெயரும் போகும். ஜேமர்சனின் பெயரே பல ஆண்டுகள் இசைத்தட்டில் அச்சாகவில்லை. நானும் இதுவரை அவசரத்தில் எத்தனையோ பேரை விட்டிருக்கிறேன், அவர்கள் மன்னிக்க வேண்டும்.

ஐயா, இதைப் பேரன் உங்களுக்கு வாசித்துக் காட்டுவான். ஞாயிறு விடிய வாறன். ஊசியில் நூல் சுற்றி வையுங்கோ.