விடக்கூடிய இணைப்புச் சொல்லும் மயக்கும் முன்னிடைச்சொல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஆங்கிலப் பயிற்சிப் பகுதியைத் தொடர்ந்து படித்துவரும் வாசகி என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். அண்மையில் என் மகளின் பயிற்சி ஏட்டைப் புரட்டியபோது, ‘ஐ திங்க் ஹீ இஸ் ரைட்’ என்று அவள் எழுதியிருந்த வாக்கியத்தில், ‘திங்க்’ என்பதற்கு அடுத்து சிவப்பு மையில் ‘தட்’ என்ற இணைப்புச் சொல் செருகப்பட்டு, அரை மதிப்பெண் குறைக்கப்பட்டிருப்பதைக் கண்டேன். அவள் எழுதியதில் பிழையே இல்லை. ‘திங்க்’, ‘சே’, ‘நோ’ போன்ற அன்றாட வினைகளை அடுத்து ‘தட்’ வரலாம், வராமலும் இருக்கலாம். பேச்சில் பெரும்பாலும் வருவதில்லை.

இந்தத் திருத்தத்தின் வேர் நம் மொழிப் பழக்கத்தில் இருக்கிறது என்று கருதுகிறேன். ‘அவர் சொல்வது சரி என்று நினைக்கிறேன்’ என்பதில் ‘என்று’ என்பதை எடுத்துவிட்டால் எழுத்துத் தமிழில் வாக்கியம் ஒடிந்துவிடும். அதே கண்ணோடு ஆங்கிலத்தைப் பார்ப்பதால் ‘தட்’ இல்லாத இடம் ஓட்டையாகத் தெரிகிறது. அதற்காக அதை எங்கும் விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ‘தட் ஹீ லைடு இஸ் கிளியர்’ என்று வாக்கியத்தின் தலையில் நிற்கும்போது அதை நீக்க முடியாது. ‘தி புக் தட் ஐ பாட்’ என்பதில் நீக்கலாம். ‘தி டாக் தட் பிட் மீ’ என்பதில் அதுவே எழுவாயாக நிற்பதால் நீக்கக்கூடாது. பொருளே புரளும் இடமும் உண்டு. ‘ஷீ செட் எஸ்டர்டே ஷீ ஹேட் சீன் த லெட்டர்’ என்றால், நேற்று நடந்தது சொன்னதா, கடிதத்தைப் பார்த்ததா? ‘எஸ்டர்டே’ என்பதற்கு முன்னால் ‘தட்’ வைத்தால் பார்த்தது நேற்று. பின்னால் வைத்தால் சொன்னது நேற்று. விருப்பச் சொல் என்று நாம் ஒதுக்குவது இங்கே முழுப் பொருளையும் தாங்கி நிற்கிறது. பாடத்தில் விளக்கப்பட வேண்டியது இதுதான்.

ஆங்கிலத்தில் ‘பிரிபொசிஷன்’ எனப்படும் முன்னிடைச்சொற்களின் நிலை இதைவிடச் சிக்கலானது. ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்று நினைத்து ‘டிஸ்கஸ்டு அபவுட் இட்’ என்று எழுதுகிறோம். அந்த வினைக்கு ‘அபவுட்’ தேவையில்லை. ஆனால் அதன் பெயர்ச்சொல்லான ‘டிஸ்கஷன்’ என்பதோடு ‘அபவுட்’ இயல்பாகவே வரும். ‘அவரோடு திருமணம்’ என்ற நினைப்பில் எழுதும் ‘மேரீட் வித்’ ஆங்கிலத்தில் ‘மேரீட் டு’ ஆகிறது. ‘ஆன் டைம்’ என்றால் குறித்த நேரத்துக்கு. ‘இன் டைம்’ என்றால் காலம் கடப்பதற்குள். ‘டிஃபரன்ட்’ என்பதை அடுத்து வரும் ‘ஃப்ரம்’ எங்கும் ஏற்கப்படுகிறது. ‘டு’ பிரிட்டிஷ் வழக்கிலும் ‘தேன்’ (than) அமெரிக்க வழக்கிலும் புழங்குகின்றன. இவற்றில் ஒன்றை மட்டும் சரியென்று அச்சிட்டு மற்றவற்றுக்குப் பெருக்கல் குறி போடுவது மாணவருக்கு இழைக்கப்படும் அநீதி.

ஆங்கில முன்னிடைச்சொல்லின் வேலையைத் தமிழில் பெரும்பாலும் செய்பவை வேற்றுமை உருபுகள். அவற்றில் ஓர் உருபின் இடத்தில் இன்னோர் உருபு வந்து மயங்குவதை ஆராய, தொல்காப்பியம் வேற்றுமை மயங்கியல் என்று தனி இயலே வைத்திருக்கிறது. அத்தகைய இலக்கண மரபில் வந்த நாம், ஆங்கில முன்னிடைச்சொற்களை மட்டும் காரணம் கேட்காமல் மனப்பாடம் செய்யும் பட்டியலாகப் பிள்ளைகளிடம் கொடுப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

எனவே, தங்கள் பயிற்சிப் பகுதியில் முன்னிடைச்சொல்லைத் தனியாகத் தராமல், அது சேரும் வினையோடும் பெயரோடும் முழு வாக்கியமாகவே தர வேண்டுகிறேன். விடையில் ஒரு சொல்லைச் சேர்த்தோ நீக்கியோ காட்டும்போது, அது கட்டாயமா, விருப்பமா, நாட்டுக்கு நாடு மாறும் வழக்கா என்பதையும் பக்கத்தில் ஒரு வரியில் குறிப்பிட்டால், வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் என்னைப் போன்ற பெற்றோருக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி