எந்த வருமானத்துக்கு எவ்வளவு வரி?

ஆசிரியருக்கு வணக்கம்.

பணக்காரர்களுக்கு வரியை ஏற்றினால் முதலீடு ஓடிவிடும் என்கிறது ஒரு தரப்பு. ஏற்றினால்தான் ஏற்றத்தாழ்வு குறையும் என்கிறது இன்னொன்று. விகிதம் எந்த வருமானத்தின் மீது விழுகிறது என்பதை இரண்டுமே கண்டுகொள்வதில்லை.

புதிய வரிமுறையில் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் சம்பளம் வாங்குபவரின் உச்ச அடுக்குக்கு 30% வரி, அந்த வரித்தொகையின் மேல் 25% சர்சார்ஜ் (கூடுதல் வரி), இரண்டும் சேர்ந்த தொகையின் மேல் 4% செஸ், மொத்தம் 39%. அதே 3 கோடியை, ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்குகளைச் சந்தையில் விற்று லாபமாக எடுப்பவருக்கு 12.5% தான். சர்சார்ஜும் 15 சதவீதத்தைத் தாண்டாது. செஸ் சேர்த்தாலும் 14.95%. பங்குகளை விற்காமல் அடகு வைத்துக் கடன் வாங்கிச் செலவழித்தால் வரியே கிடையாது!

1973-74இல் வருமான வரியின் உச்ச விகிதம் 97.75%. இது கறுப்புப் பணத்தைத்தான் வளர்க்கும், 75 சதவீதமாகக் குறையுங்கள் என்று நேரடி வரிகளை ஆராய அரசு அமைத்த வாஞ்சூ குழு அதற்கு முன்பே சொல்லியிருந்தது. மறு ஆண்டே 77 சதவீதமாக இறக்கினார்கள். மத்திய அரசின் சொத்து வரி (வீட்டுக்கு மாநகராட்சி வாங்குவதல்ல, மொத்தச் செல்வத்தின் மீதான wealth tax) நொண்டியதற்குக் காரணம் வேறு. 30 லட்சத்துக்கு மேல் 1% என்ற அந்த வரி நகை, கார், நகர்ப்புறக் காலிமனையைப் பிடித்தது. 1993 முதல் பங்குகளையும் வங்கி டெபாசிட்டுகளையும் விட்டுவிட்டது. பெரும் செல்வம் இருப்பதே பங்குகளில்தானே? 2013-14இல் வசூல் சுமார் 1,008 கோடி, 2015இல் மூடுவிழா.

குறைத்தால் வளர்ச்சி தானாக வரும் என்பதும் சரியில்லை. 2019 செப்டம்பரில் நிறுவன வரியை 30இலிருந்து 22 சதவீதமாகக் குறைத்ததில் அரசு விட்டுக்கொடுத்தது, அதன் கணக்குப்படியே, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி. நிறுவன லாபம் ஏறக்குறைய நான்கு மடங்கானது, ஆட்சேர்ப்பும் சம்பளமும் அதற்கு ஈடாக உயரவில்லை என்று 2023-24 பொருளாதார ஆய்வறிக்கையே ஒப்புக்கொண்டது. இடையில் கொரோனா வந்ததால் பழி முழுவதையும் வரிக்குறைப்பின் மேல் போட முடியாது. பலனென்று காட்டவும் அதிகமில்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் தனி நஷ்டம் உண்டு. அந்தச் சொத்து வரி, மத்திய அரசு மாநிலங்களுடன் பகிரும் வரித் தொகுப்பில் இருந்தது. அதற்கு ஈடாக 2015இல் ஏற்றிய 2% சர்சார்ஜில் மாநிலங்களுக்கு ஒரு பைசா பங்கில்லை. பங்கு லாபத்துக்கான சர்சார்ஜ் உச்சவரம்பை எடுத்துவிட்டு, மாநிலங்களுக்கும் பங்கு கிடைக்கும்படி சர்சார்ஜை அடிப்படை விகிதத்திலேயே சேர்க்க வேண்டும். சர்சார்ஜ் மொத்த வரியின் மீது விழுவது என்பதால், கூடவே அடுக்குகளையும் சற்றுத் திருத்தினால்தான் வசூல் குறையாது.

இப்படிக்கு,
வரி ஆலோசகர் ஒருவர், கோவை