அரை நிமிட உறைவைப் படம் எடுங்கள்

ஆசிரியருக்கு,

பேச்சுக்கு நடுவே ஒருவர் அரை நிமிடம் உறைந்து நின்றுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் தொடர்ந்தால் 'ஏதோ யோசனை' என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். அது வலிப்பாகவும் இருக்கலாம். கை கால் வெட்டி, நுரை தள்ளினால்தான் வலிப்பு என்பதில்லை. சர்க்கரை குறைந்தாலும், தூக்கம் கெட்டாலும்கூட இப்படி ஆகும் என்பதால் ஊகம் உதவாது.

பாதிக்கப்பட்டவருக்கு நடந்தது தெரியாது; பார்த்தவர்தான் சாட்சி. முகமும் இரு கைகளும் தெரியும்படி உடனே கைப்பேசியில் காணொளியாகப் படம் எடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, 'மாம்பழம்' என்று ஒரு சொல் சொல்லுங்கள். தெளிந்தபின் அது நினைவிருக்கிறதா எனக் கேளுங்கள். வாய் சப்புக்கொட்டியதா, விரல்கள் புடவை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தனவா, தெளிய எவ்வளவு நேரமானது என்பதைத் தேதியோடு குறித்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. சோதனைக்கு வரும்போது தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வாருங்கள். பிசுக்கில் மின்முனைகள் சரியாக ஒட்டாது, பதிவு கெடும். அரை மணி நேரப் பதிவு இயல்பாக வந்தாலும் வலிப்பு இல்லையென்று ஆகிவிடாது. தூக்கத்தில் மறுபடி எடுக்க நேரலாம். அடுத்தவர் மாத்திரையை வாங்கிப் போடவே கூடாது. சிலவகை வலிப்புக்கு நல்ல மருந்தான கார்பமசெபின், குழந்தைகள் வெறித்துப் பார்க்கும் வகையை அதிகமாக்கிவிடக்கூடும்.

காரணம் தெரியும்வரை வண்டி ஓட்ட வேண்டாம். மின்சார ரயிலில் வாசலோரம் நிற்க வேண்டாம். குளியலறையில் தாழ்ப்பாள் வேண்டாம். கையில் சாவி திணித்து வலிப்பு நின்றதில்லை. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், 5 நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள்.

இ.இ.ஜி. பரிசோதனைப் பணியாளர்கள் சிலர்,
சென்னை