பீவர்கில் ஆற்றங்கரையிலிருந்து

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பாலாற்றில் இம்முறை தண்ணீர் ஓடியதையும், உன் பேரன் தூண்டிலும் கையுமாகத் திரிவதையும் படித்து மகிழ்ந்தேன். மண்புழுவைக் கோத்துவிட்டுத் தக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் கிடைக்கிற மீனுக்காக, தூண்டில் முள்ளில் நூலையும் இறகையும் சுற்றிச் செயற்கைப் பூச்சி கட்டிக்கொண்டு இடுப்பளவு குளிர்நீரில் ஏன் நிற்கிறாய் என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் சொல்ல, பீவர்கில் ஓடும் நியூயார்க் மாநிலத்துக் கேட்ஸ்கில் மலைகளின் பழங்கதைக்குப் போக வேண்டும். வாணியம்பாடிக்காரனான உனக்கு அது முற்றிலும் புதிதாக இராது.

உங்கள் பக்கம் ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டதைப்போல, 19ஆம் நூற்றாண்டில் இங்கே ஹெம்லாக் என்னும் ஊசியிலை மரத்தின் பட்டையில் பதனிட்டார்கள். ஒரு தோலுக்கு அதைப்போலப் பல மடங்கு எடையுள்ள பட்டை தேவைப்பட்டதால், தென் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த தோலை மலைக்கு ஏற்றுவதே லாபமாக இருந்தது. மரத்தைச் சாய்த்துப் பட்டையை மட்டும் உரித்துக்கொண்டு, அடிமரத்தைப் பெரும்பாலும் காட்டிலேயே மக்கவிட்டார்கள். நிழல் போயிற்று, கழிவு சேர்ந்தது, ஓடைகள் சூடேறின. தெளிந்த குளிர்நீரில் மட்டுமே வாழும் உள்ளூர் மீனான புரூக் டிரவுட் மேல்மலை ஓடைகளுக்கு ஒதுங்கியது.

1883இல் ஜெர்மனியிலிருந்து பழுப்பு டிரவுட் என்னும் வேறொரு மீனினத்தின் முட்டைகள் நியூயார்க் மாநிலத்துக்கு வந்தன. சில ஆண்டுகளில் அவ்வினம் இந்த ஆறுகளிலும் நிலைபெற்றது. சற்றே வெதுவெதுப்பான நீரையும் தாங்கிக்கொள்ளும் அம்மீன், எளிதில் ஏமாறுவதில்லை. நெவர்சிங்க் ஆற்றங்கரையில் பிற்காலத்தைக் கழித்த தியடோர் கார்டன் என்னும் தூண்டில்காரர், இங்கிலாந்தின் மீன்பிடி எழுத்தாளர் ஹால்ஃபோர்டுக்குக் கடிதம் எழுதி, 1890இல் அவரிடமிருந்து மிதக்கும் செயற்கைப் பூச்சிகளைப் பெற்றார். அவையோ மெல்ல நகரும் ஆங்கிலேய ஆறுகளுக்காகக் கட்டப்பட்டவை. பாறையில் மோதி நுரைத்தோடும் இந்நீரில் மிதக்கும்படியும், இங்கே பறக்கும் பூச்சிகளைப் போலவும் கார்டன் புதிதாகக் கட்டினார். தோல் தொழில் காட்டை அழிக்காமல் இருந்திருந்தால் அவருக்கு இந்த வேலையே வந்திருக்காது என்பது என் எண்ணம்.

அவர் பெயரால் வழங்கும் குவில் கார்டன் என்னும் செயற்கைப் பூச்சியை நானே கட்டப் பழகியிருக்கிறேன். மயிற்பீலியின் ஓர் இழையை எடுத்து, அதன் தூவியை நகத்தால் உரித்து, எஞ்சும் மெல்லிய தண்டை முள்ளின்மேல் சுற்றினால், வெளிறியதும் கறுத்ததுமான வளையங்கள் மாறி மாறி விழுந்து அசல் பூச்சியின் வயிறாகவே தோன்றும். வாத்தின் விலாப்புற இறகு சிறகாகிறது. சேவலின் விறைப்பான கழுத்திறகு அதை நீர்மேல் தாங்குகிறது. எடையே இல்லாத இதை வீசுவதற்குக் கனமான நூல் வேண்டும். அந்த நூலை நடு ஆற்றின் வேகம் இழுத்து, பூச்சி விரலளவு வழுக்கினாலும், மேலே வந்த மீன் மூக்கருகில் பார்த்துவிட்டுக் கீழே போய்விடும். புழுவுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்!

பிடித்ததை விட்டுவிடுவதைப் பற்றியும் கேட்டிருந்தாய். பீவர்கில்லின் சில பகுதிகளில் விட்டே தீர வேண்டும் என்பது சட்டம். ஆனால் கோடையில் நீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகும் பிடித்துப் பிடித்து விடுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. ஆக்சிஜன் குறைந்த நீரில் போராடிக் களைத்த மீன், நீந்திப் போவதுபோல் போய்ப் பிறகு செத்துவிடக்கூடும். ஆகவே வெப்பமானியும் என் பையில் இருக்கிறது. நீர் அப்படிச் சூடேறிய நாட்களில் அணைக்கட்டுகளின் அடிமட்டத்திலிருந்து குளிர்நீர் திறந்துவிடப்படும் டெலவேர் ஆற்றின் கிளையாறுகளுக்குப் போய்விடுவேன். நியூயார்க் நகரத்தின் குடிநீருக்காகக் கட்டிய அணைகள் அவை. கார்டனின் நெவர்சிங்க் ஆற்றிலும் அப்படியோர் அணை வந்து, அவர் மீன்பிடித்த இடங்களில் பல அதன் நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டன.

ஏலகிரி அடிவாரத்தில் பொறுக்கிய மயிலிறகை அனுப்பட்டுமா என்று கேட்டாயே, தயவுசெய்து அனுப்பாதே. இந்தியாவிலிருந்து அதை ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது. இங்கே வளர்ப்பு மயிலின் பீலி கடையிலேயே கிடைக்கிறது. பேரனோடு வருவதாக இருந்தால் மே மாதத்தில் வா, பூச்சிகள் நன்றாகப் பறக்கும் பருவம் அதுதான்.

அன்புடன்,
இராமநாதன்