சட்டை நிறம் எழுதுகிறோம், பல்லை எழுதுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழில் ஒரு சின்னச் செய்தி. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கப் போனவர்கள் எலும்புக்கூடு ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள். ‘அருகில் ஜீன்ஸ் பேன்ட் கிடந்ததால் இறந்தவர் இளைஞராக இருக்கலாம்’ என்று நிருபர் முடித்திருந்தார். எங்கள் தெருவில் அறுபத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவர் பேரன் கழித்துப்போட்ட ஜீன்ஸில்தான் பால் வாங்க வருகிறார்.

வயதைச் சொல்ல எலும்பே போதும். கழுத்துக்குக் கீழே இருக்கும் காறை எலும்பின் மார்புப் பக்க முனைதான் உடம்பிலேயே கடைசியாகத் தன் எலும்போடு சேர்ந்து ஒட்டுவது. இருபதுகளின் பிற்பகுதி வரைகூட ஆகும். அது ஒட்டாமல் இருந்தால் ஆள் இளசு. ஒட்டிவிட்டால் அப்புறம் இடுப்பெலும்பு முன்னால் சேரும் இடத்தின் தேய்மானத்தைப் பார்த்து, இத்தனைக்கும் இத்தனைக்கும் நடுவே என்று ஒரு வரம்பு சொல்வார்கள். ஆணா பெண்ணா என்பதற்கும் இடுப்பெலும்புதான் முதல் சாட்சி, மண்டை ஓடு அதற்கு அடுத்துதான். தொடை எலும்பை அளந்தால் உயரம் ஏறத்தாழக் கிடைக்கும். சரி, இவ்வளவும் தெரிந்து என்ன ஆகும்? ‘நடுவயது ஆண், ஐந்தடி ஐந்து அங்குலம்.’ கடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள், அந்தக் கணக்கில் நூறு பேர் போவார்கள். பெயர் தெரிய வேண்டுமானால் அந்த எலும்போடு ஒப்பிட வீட்டுப் பக்கத்திலிருந்து ஏதாவது வர வேண்டும். அதைத்தான் நாம் கேட்டு வாங்குவதே இல்லை.

என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை, புதுச்சேரியில் லோடு வேலை பார்த்தார். 2016-இல் ஒருநாள் கிளம்பியவர் திரும்பவில்லை. புகாரில் ‘மாநிறம், நீலக் கட்டம் போட்ட சட்டை, காவிக் கைலி’ என்று எழுதிக்கொண்டார்கள். புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டினால் போலீஸே வேறு. அங்கே கொடுத்த புகார் இந்தப் பக்கம் வந்து சேர எட்டு மாதம் ஆயிற்று. ஆற்றோரம் எலும்பு கிடைத்திருக்கிறது, வந்து பாருங்கள் என்றார்கள். போனபோது எலும்பு இல்லை, அதை அதற்கு முன்பே பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டார்களாம். ஒரு நியூஸ்பேப்பர் மேல் சட்டைத் துண்டையும் ஒற்றை ரப்பர் செருப்பையும் வைத்திருந்தார்கள். பெரியம்மா காலரைத் திருப்பி, பட்டன் தைத்த நூலை நகத்தால் இழுத்துப் பார்த்தார். “நான் கறுப்பு நூல்லதான் தைப்பேன். இது வெள்ளை” என்றார். ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

பஸ்ஸில் வரும்போதுதான், “அவனுக்குக் கால் உடைஞ்சதை யாருமே கேக்கலையேடா” என்றார். 2009-இல் பைக்கிலிருந்து விழுந்து வலது முழங்காலுக்குக் கீழே பிளேட் வைத்தார்கள். இரண்டு வருஷத்தில் அதை எடுத்துவிட்டாலும் எலும்பு லேசாகக் கோணித்தான் சேர்ந்திருந்தது. அந்த எக்ஸ்ரே இன்றைக்கும் பரணில் மஞ்சள் கவரில் இருக்கிறது. மறுநாளே எடுத்துக்கொண்டு போனேன். ஒரு இடத்தில் ஆஸ்பத்திரிக்குப் போ என்றார்கள், அங்கே லேபுக்குப் போய்விட்டது என்றார்கள், கடைசியில் கடித எண் கொண்டுவா என்றார்கள். எந்த இடம், யார் என்று இங்கே எழுதப் போவதில்லை. அவர்களிடம் இருந்த படிவத்தில் எலும்பு உடைந்ததுண்டா என்ற கேள்வியே இல்லை.

சட்டை மாறும். காணாமல் போனவர் யாரிடமாவது ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கலாம். பிடுங்கிய கடைவாய்ப்பல் திரும்ப முளைக்காது. 2004 சுனாமியில் தாய்லாந்தில் இறந்த வெளிநாட்டுக்காரர்களில் மிகப் பலரை அவரவர் ஊர்ப் பல் டாக்டரிடம் இருந்த பதிவை வைத்தே கண்டுபிடித்தார்கள். அதே அலைதான் இங்கே தேவனாம்பட்டினத்திலும் அடித்தது. குழி வெட்டிச் சேர்த்துப் புதைத்ததைப் பார்த்தவன் நான். அன்றைக்கு வேறு வழி இருந்திருக்காது, குறை சொல்லவில்லை. ஆனால் 2024-இல் வயநாடு நிலச்சரிவில் கிடைத்த உடல்களை, உறுப்புகளைக்கூட, டி.என்.ஏ. மாதிரி எடுத்து எண் போட்டுப் புத்துமலையில் புதைத்தார்களே. பிறகு முடிவு வந்தபோது எண்ணுக்குப் பதில் பெயர் வந்தது.

திறமைக்கும் இங்கே பஞ்சமில்லை. மண்டை ஓட்டின் மேல் புகைப்படத்தைப் பொருத்திப் பார்ப்பது தமிழ்நாடு தடய அறிவியல் துறைக்கு, அதன் இயக்குநராக இருந்த பேராசிரியர் சந்திரசேகரன் காலத்திலிருந்தே கைவந்த வேலை. புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது, பல்கலைக்கழகத்தில் மானுடவியல் துறை இருக்கிறது. கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையில் தாழியில் கிடைத்த மண்டை ஓடுகளுக்கு இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2025-இல் முகமே வரைந்துவிட்டார்கள். எனக்கும் பெருமைதான். பெரியம்மா அந்தப் படத்தை டிவியில் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

புகார் வாங்கும் அன்றே கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். எலும்பு உடைந்ததுண்டா, பிளேட் இருக்கிறதா, எந்தப் பல் இல்லை, எக்ஸ்ரே வீட்டில் இருக்கிறதா. போட்டோ கொடுக்கும்போது ரேஷன் கார்டுக்கு வாயை மூடிக்கொண்டு எடுத்தது வேண்டாம். கல்யாண வீட்டில் சிரித்தபடி எடுத்தது இருந்தால் முன்பல் வரிசை தெரியும், மண்டை ஓட்டோடு ஒப்பிட அதுதான் உதவும். அப்புறம் தாயாரின் வாய்க்குள்ளிருந்து பஞ்சுக்குச்சியில் ஒரு துடைப்பு. தாய் வழியாக வரும் ஒருவகை டி.என்.ஏ. ஒவ்வொரு உயிரணுவிலும் ஏராளமாக இருப்பதால், பழைய எலும்பிலும் கிடைக்க வாய்ப்பு அதிகம். உங்கள் நிருபர்களும் அடுத்த முறை பேன்ட்டோடு நிறுத்தாமல் பல்லைப் பற்றி ஒரு வரி கேட்டு எழுதலாம்.

பெரியம்மாவுக்கு இப்போது எழுபத்து நான்கு. எங்கே வரச் சொன்னாலும் எக்ஸ்ரே கவரோடு நாளைக்கே கூட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
கடலூர் முதுநகர்.