உயிர்க் காலேஜுக்கு வழி தெரிந்தவர்

காணாமல்போயிருந்த அப்பா கிடைத்துவிட்டார். பக்கத்து அறையில் தூங்குகிறார். அவர் மூச்சுச் சத்தம் காதில் விழ விழத்தான் இதை எழுதத் தெம்பு வருகிறது.

படத்தைப் பகிர்ந்தவர்கள், பேருந்து நிலையம் பேருந்து நிலையமாக எங்களோடு அலைந்தவர்கள், தம்பியின் நண்பர்கள், சமைத்து அனுப்பிய எதிர்வீட்டு அக்கா, எல்லாருக்கும் கும்பிடு. நேரில் வந்து சொல்கிறேன்.

சென்ட்ரல் பக்கம் அவரைப் பார்த்த ஆட்டோ அண்ணனைப் பற்றி மட்டும் இங்கேயே சொல்லியாக வேண்டும். "உயிர்க் காலேஜுக்குப் போகணும், சிங்கத்துக்குக் கறி வைக்கணும்" என்று அப்பா வழி கேட்டிருக்கிறார். எல்லாரும் எந்தக் காலேஜ் என்று திருப்பிக் கேட்க, அந்த அண்ணனுக்குத்தான் புரிந்தது. அவருடைய ஆயா எழும்பூர் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றும், மிருகக்காட்சி சாலையை உயிர்க் காலேஜ் என்றும்தான் சொல்வாராம்.

இரண்டும் ஒரே வீட்டில் பிறந்தவை. மியூசியத்தைக் கவனித்துவந்த எட்வர்ட் பால்ஃபர், உயிரோடிருக்கும் புலியையும் சிறுத்தையையும் பார்க்கக் கூட்டம் அலைமோதுவதைக் கண்டு, ஆற்காட்டு நவாபிடமிருந்த விலங்குகளையும் கேட்டு வாங்கி, 1855-இல் அங்கேயே தொடங்கியதுதான் மிருகக்காட்சி சாலை. 1860-களில் சென்ட்ரல் பக்கத்திலிருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு வந்தது. அப்பா வேலை பார்த்தது அங்கேதான். 1985-இல் வண்டலூரில் திறந்தார்கள். நெரிசலிலிருந்து காட்டுக்கு, கம்பிக்குப் பதில் அகழி. இன்று 602 ஹெக்டேர். விலங்குகளுக்கு அதுதான் நல்லது என்று அப்பாவே சொல்வார். ஆனால் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவருடைய சிங்கம் இன்னும் பழைய இடத்தில்தான் பசியோடு இருக்கிறது.

அந்த அண்ணன், "அது இப்ப இல்லையே" என்று சொல்லவில்லை. ஆட்டோவில் ஏற்றி, பார்க் இருந்த இடத்தில் நிற்கும் நேரு ஸ்டேடியத்தை மெதுவாக ஒரு சுற்று சுற்றி, "கேட்டு பூட்டியிருக்கு பெரியவரே, சாப்பிட்டுட்டு வருவோம்" என்று இட்லி வாங்கிக் கொடுத்திருக்கிறார். சிங்கத்தின் பெயரென்ன, எத்தனை கிலோ தின்னும் என்று கேட்டுக்கொண்டே, பேச்சோடு பேச்சாக எங்கள் தெருப் பெயரையும் வாங்கிவிட்டார். வாசலில் இறக்கிவிட்டுக் காசு வேண்டாமென்று போய்விட்டார்.

நான் இத்தனை நாளும் அப்பாவைத் திருத்திக்கொண்டே இருந்தேன். "அது வண்டலூருக்குப் போய் எத்தனை வருஷமாச்சுப்பா!" ஒவ்வொரு முறையும் அவர் முகம் சுருங்கும். சிங்கத்தின் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. இனிமேல் கேட்பேன்.

அண்ணே, அடுத்த வாரம் அப்பாவை வண்டலூர் கூட்டிப்போகிறேன். செவ்வாய்க்கிழமை விடுமுறை, மற்ற எந்த நாளானாலும் சரி. உங்கள் ஆட்டோ வந்தால்தான் கிளம்புவேன் என்கிறார்.